ஒரே கிண்ணம்: பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்க்கை

தேநீர்க் கடைகளில் இரு வகைக் குவளைகள் வைக்கப்பட்டிருந்த காலத்தை நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் நன்கு அறிவர். ஒன்று ஊரார்க்கு உரியது. மற்றொன்று நம்மவர்க்கு மட்டும் உரியது. பருகியபின் நாமே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வரவேண்டியது. இக்குவளையைப் பற்றிச் சட்டம் பேசியிருக்கிறது, மேடைகள் பேசியிருக்கின்றன. ஆயினும், இதே தென்னாட்டில், ஒரே கிண்ணத்தில் எல்லாரும் வாய் வைத்துப் பருகியே ஆகவேண்டும் என்று விதித்த வழிபாட்டு முறை ஒன்று இருந்தது என்பதையும், அவ்விதியை எழுத்தளவில் நில்லாமல் சேரிகளின் நடுவே நிறைவேற்ற முயன்ற தமிழர் ஒருவர் இருந்தார் என்பதையும் நம் இளைஞருள் பலர் அறியார். அவரே பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா ஆவார்.

அவர் நம் சாதியினர் அல்லர். நம் மாவட்டத்தினரும் அல்லர். நம் சங்கத்திலே கிறிஸ்தவர் உண்டு, இந்துக்கள் உண்டு, பௌத்தம் தழுவியோரும் உண்டு. அப்படியிருக்க, ஆங்கிலிகன் திருச்சபைப் பேராயர் ஒருவருடைய வரலாறு வெள்ளி விழா மலரில் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அவர் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தது தெலுங்கு பேசும் மாலர், மாதிகர் ஆகிய இரு தாழ்த்தப்பட்ட மக்களிடையே. ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் நம் வீடுகள் பலவற்றிலும் அடுப்பங்கரை மொழி தெலுங்கோ கன்னடமோ ஆகும். ஆதிதிராவிடர் தெரு ஒன்றும் அருந்ததியர் தெரு ஒன்றும் தனித்தனியே நிற்கும் ஊர்கள் நமக்குப் புதியவை அல்ல. அவர் எதிர்கொண்ட சிக்கல் நம் வாசற்படியில் கிடக்கும் சிக்கலே என்பதால், அதனை அவர் எவ்வாறு கையாண்டார், எவ்விடத்தில் வென்றார், எவ்விடத்தில் தோற்றார் என்று அறிவது நமக்குத் தேவையாகிறது.

அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையில் திருச்செந்தூருக்கு அண்மையிலுள்ள வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம் இந்து சமயத்திலிருந்து கிறிஸ்தவம் தழுவி, அவ்வூரிலேயே சபைக் குருவானவராகப் பணிசெய்தவர். தாயார் எலன் அம்மையார். நெடுநாள் பிள்ளைப் பேறின்றிக் காத்திருந்து பெற்ற மகன் ஆதலால், வேதாகமக் கதையில் வரும் அன்னாளின் மகனை நினைந்து சாமுவேல் என்று பெயரிட்டனர். குடும்பம் நாடார் குலத்தைச் சேர்ந்தது. இன்றைய நாடார் சமூகத்தின் வணிகச் செல்வத்தைக் கண்டு பழகிய நம் இளைஞர்க்கு ஒன்று சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்மக்களுக்குக் கோயில் நுழைவு இல்லை. தென் திருவிதாங்கூரில் அவர்தம் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகவே 1859 வரை போராட நேர்ந்தது. இழிவின் கசப்பை ஓரளவேனும் அறிந்த குடியிலிருந்து வந்தவர் அவர்.

1889இல் தந்தையார் மறைந்தார். தாயாரின் கண்டிப்பான வளர்ப்பில் மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் மிஷன் பள்ளிகளில் பயின்றார். மாணவரிடையே நிலவிய சாதி வேற்றுமையை எதிர்ப்பதற்காகப் பள்ளிப் பருவத்திலேயே நண்பரோடு சேர்ந்து ஒரு சிறு கழகம் கண்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் கற்றார். பட்டத் தேர்வு நெருங்கிய வேளையில் நோயுற்றமையால் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார். இதனைக் குறிப்பாகச் சொல்கிறோம். தேர்வில் ஒரு தாளில் தவறியதும் வாழ்வே முடிந்ததென ஒடுங்கிவிடும் பிள்ளைகளை நம் சங்கத்தின் மாலை வகுப்புகளில் ஆண்டுதோறும் காண்கிறோம். பட்டமின்றி வெளியேறிய அவருக்கு 1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கிற்று.

1895 முதல் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகத் தென்னிந்தியா முழுவதும் சுற்றினார். 1898இல் அன்பு அம்மையாரை மணந்தார். தென்னாட்டுக் கிறிஸ்தவப் பெண்களுள் கல்லூரிப் படிப்பை முதன்முதல் எட்டியோருள் ஒருவர் அவ்வம்மையார். பின்னாளில் தோர்ணக்கல் நாட்டுப் பெண்களுக்கிடையே அவர் செய்த பணி தனி மலர் ஒன்றுக்கு உரியது.

இனி, நற்கருணை என்றும் திருவிருந்து என்றும் வழங்கும் அவ்வழிபாட்டைப் பற்றிச் சிறிது விளக்கிவிட்டு மேலே செல்வோம். கிறிஸ்தவரல்லாத வாசகர்க்கு இது தேவைப்படும். இயேசு பெருமான் தாம் கொலையுண்பதற்கு முந்திய இரவில் சீடரோடு உண்ட கடைசி விருந்தை நினைவுகூர்ந்து, அப்பத்தைப் பிட்டும் திராட்சரசத்தைப் பகிர்ந்தும் உண்பதே இதன் சாரம். ஆங்கிலிகன் திருச்சபையில் இது குருவானவரின் விருப்பப்படி நடைபெறுவதன்று. 1662ஆம் ஆண்டின் பொது ஜெப புத்தகம் என்னும் நூலில் சொல்லுக்குச் சொல், செயலுக்குச் செயல் ஒழுங்கு வகுக்கப்பட்டிருக்கிறது. அனைவரும் சேர்ந்து ஒரே சொற்களால் பாவ அறிக்கை செய்யவேண்டும். அனைவரும் முழந்தாளிட வேண்டும். அப்பம் ஒவ்வொருவர் கையிலும் தரப்படவேண்டும். கிண்ணம் ஒவ்வொருவர் உதட்டுக்கும் செல்லவேண்டும். அவ்வேளையில் குருவானவர் கூறும் சொற்கள் கூட்டத்தை நோக்கியவை அல்ல. ஒருமையில், எதிரே முழந்தாளிட்டிருக்கும் அந்த ஒரு மனிதரை நோக்கியவை. பெயர் சொல்லி அழைக்கவும் தகுதியற்றவன் என்று ஊரால் ஒதுக்கப்பட்ட ஒருவனுக்கு இது எத்தகைய அனுபவமாக இருந்திருக்கும் என்பதை நம்மவர்க்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

அந்நூலில் இரு குறிப்புகள் நம் கருத்தைக் கவர்கின்றன. முதலாவது, ஒருவர்மேல் ஒருவர் பகை கொண்டோர் ஒப்புரவாகும் வரையில் அவர்களைத் திருவிருந்துக்குச் சேர்த்துக்கொள்ளலாகாது என்பது. இரண்டாவது, வழிபாட்டில் அர்ப்பணிக்கப்பட்ட அப்பத்திலும் இரசத்திலும் மிஞ்சியதை ஆலயத்துக்கு வெளியே கொண்டுசெல்லலாகாது. குருவானவரும் உடனிருப்போரும் அங்கேயே அதனை உட்கொண்டுவிட வேண்டும் என்பது. இங்கிலாந்தில் இவ்விரண்டாம் விதி திருப்பொருளுக்குரிய மரியாதையைக் காப்பதற்காக எழுதப்பட்டது. நம் நாட்டிலோ அதற்கு வேறொரு பொருளும் தானே பிறந்துவிடுகிறது. பறையரும் மாதிகரும் வாய் வைத்துப் பருகிய கிண்ணத்தின் மிச்சத்தைக் குருவானவர் பருகியாக வேண்டும். எச்சில் என்னும் ஒரு சொல்லின்மேல் எத்தனை தீண்டாமை கட்டப்பட்டிருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் இவ்விதியின் வலிமை விளங்கும்.

ஆனால் விதி வேறு, வழக்கம் வேறாயிருந்தது. தரங்கம்பாடி லூத்தரன் சபையில் பதினெட்டாம் நூற்றாண்டில் இரு சாராருக்கு இரு கிண்ணங்கள் வழங்கிய காலமும் உண்டு. ஆலயத்தில் இருக்கைகள் தனித்தனி. கிண்ணத்தை அணுகுவதிலும் உயர்குலத்தார் முன்னர், நம்மவர் பின்னர். அக்காலத்தில் சென்னை மாகாணச் சபைகளும் கல்கத்தாப் பேராயரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தன. அப்பதவியிலிருந்த டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டும் என்றும், இருக்கையிலும் திருவிருந்திலும் எவ்விதப் பாகுபாடும் கூடாதென்றும் கட்டளையிட்டு எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் அக்கடிதம் வாசிக்கப்பட்டபோது உயர்குலக் கிறிஸ்தவர் பலர் திருவிருந்தையே விட்டு விலகினர். புகழ்பெற்ற தஞ்சைக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கத்தின் பக்கமே நின்றார். (அசரியாவின் தந்தையார் பெயரும் வேதநாயகம் என்பதால் வாசகர் மயங்க வேண்டா, இருவருக்கும் தொடர்பில்லை.) 1835இல் வில்சன் தாமே நேரில் வந்து, உயர்குலத்தாரும் பறையரும் ஐரோப்பியரும் விரவி முழந்தாளிட்டுத் திருவிருந்து பெறும்படி திருச்சிராப்பள்ளியில் வழிபாடு நடத்தினார். அது பெரிய செயலே. எனினும், ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர் மேலிருந்து இட்ட கட்டளை எவ்வளவு தூரம் செல்லும்? விலகியோர் வேறு சபைகளில் சேர்ந்தனர். எஞ்சியோரிடம் பழைய வழக்கம் மெல்ல மீண்டது. மேலிருந்து அவர் முயன்றதைக் கீழிருந்து கட்டியெழுப்பும் வேலை எழுபது ஆண்டுகளுக்குப் பின் அசரியாவின் கைக்கு வந்தது.

1902இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவ மாணவர் தம் சொந்தப் பணத்தைச் சேர்த்து வெளியூர்களுக்குத் தொண்டரை அனுப்பிக்கொண்டிருந்ததைக் கண்டு நாணமும் ஊக்கமும் ஒருங்கே அடைந்தார். திரும்பி வந்ததும், 1903 பிப்ரவரியில், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்தியரே தொண்டர், இந்தியரே நிருவாகிகள், இந்தியர் தரும் காசே மூலதனம் என்பது அதன் கொள்கை. பனையேறியும் கடை வைத்தும் ஈட்டிய சிறு தொகைகளையும், கைப்பிடி அரிசியையும் தாய்மார் அளித்தனர். 1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் வங்காளத்துச் செராம்பூரில் நிறுவப்பட்ட தேசிய மிஷனெரி சங்கத்திலும் அவர் முன்னின்றார்.

திருநெல்வேலிச் சங்கம் தேர்ந்துகொண்ட வயல், நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல் ஆகும். இன்று அது தெலங்கானா மாநிலத்தின் மகபூபாபாத் மாவட்டத்தில் உள்ள ஓர் இரயில் சந்திப்பு. பிறரை அனுப்பிவிட்டுத் தாம் சென்னையில் செயலாளராக அமர்ந்திருப்பது அசரியாவின் மனத்தை உறுத்தியது. 1909இல் வாலிபர் சங்கப் பதவியைத் துறந்து, குருப்பட்டம் பெற்று, தோர்ணக்கல்லுக்கே குடிபெயர்ந்தார். தொடக்கத்தில் கூடாரத்தில் வாழ்ந்தார். தெலுங்கை எழுத்துக்கூட்டிக் கற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து.

மறு ஆண்டு, 1910 ஜூனில், ஸ்காட்லாந்து நாட்டு எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடைபெற்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர் இருபதின்மருக்கும் குறைவே. அம்மன்றத்தில் அசரியா எழுந்து வெள்ளைத் தொண்டரின் முகத்துக்கு எதிரே ஒரு குறையைச் சொன்னார். அவர்தம் தியாகத்தை நன்றியோடு போற்றிய பின்னர், இந்திய உடன் ஊழியரை அவர்கள் தோழராக நடத்துவதில்லை என்றும், தம் வீட்டு உணவு மேசைக்கு அழைப்பதுகூட அரிதென்றும், இனி வேண்டுவது கொடையன்று, நட்பே என்றும் பொருள்படப் பேசினார். அவையில் சலசலப்பு எழுந்தது, சிலர் சினந்தனர். திருவிருந்து மேசையில் உடனமர்ந்து, வீட்டு மேசையில் விலக்கி வைக்கும் வழக்கத்தை அவர் வெளிப்படுத்தியதே சினத்துக்குக் காரணம் என்பது நம் துணிபு. இச்சொற்பொழிவை நிற வேற்றுமைக்கு எதிரானது என்றே எல்லாரும் எழுதுகின்றனர். நாமோ அதனைச் சாதிக்கும் பொருத்தி வாசிக்கிறோம்.

1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிகன் திருச்சபையில் அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே. சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட் இதற்காகப் பெரிதும் பாடுபட்டார். இந்தியர் ஒருவருக்குக் கீழே ஐரோப்பியர் பணிபுரிவது எங்ஙனம் என்று எதிர்த்தோர் பலர். சிறியதாகத் தொடங்கிய தோர்ணக்கல் பேராயம் பின்னர் மசூலிப்பட்டினம் முதலிய கிருஷ்ணா கோதாவரிப் பகுதிகளையும் உள்ளடக்கி விரிந்தது. ஐரோப்பியத் தொண்டர் அவருக்குக் கீழ்ப் பணிபுரியவும் செய்தனர்.

அந்நாட்டில் மாலரும் மாதிகரும் எந்நிலையில் இருந்தனர்? தேசமுகர் முதலிய நிலக்கிழார்க்குக் கூலியின்றி உழைக்கும் வெட்டி முறை தெலங்கானா முழுதும் வழங்கியது. பிள்ளைகள் நடக்கத் தொடங்கியதும் ஆண்டையின் மாடு மேய்க்கச் சென்றனர். இச்சேரிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக, ஊர் ஊராக மக்கள் ஞானஸ்நானம் கேட்டு வந்தனர். 1912இல் ஏறக்குறைய 56,000ஆக இருந்த பேராயத்தின் மக்கள் தொகை 1941இல் 2,25,000ஐத் தாண்டியது. ஆசை காட்டிச் சேர்த்த கூட்டம் என்று பழித்தோர் உண்டு. ஆனால் அசரியா எவரையும் உடனே சேர்த்துக்கொண்டவர் அல்லர். நீண்ட ஆயத்தம் வேண்டும் என்றார். எழுத்தறியாதவரும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் கர்த்தரின் ஜெபத்தையும் மனப்பாடமாகச் சொல்லவேண்டும். குடியை விட வேண்டும். அழுக்கு, நோய், கடன், குடி என்னும் நான்கையும் சேரியைப் பிடித்த பேய்கள் என்று அவர் ஊர்தோறும் பேசினார்.

இந்நான்கில் கடனுக்கும் அழுக்குக்கும் நம்மவர் மட்டுமே பொறுப்பாளிகள் அல்லர் என்பதை நாம் அறிவோம். கிணற்றில் நீர் எடுக்க விடாதவன் அழுக்கைப் பற்றிப் பேசுவது கொடுமை. அசரியாவும் நிலவுடைமையின் அநீதியை விடத் தனி மனிதத் திருத்தத்தையே மிகுதியாக வற்புறுத்தினார் என்னும் குறை அவர்மேல் உண்டு. அக்குறை முற்றிலும் தவறன்று. எனினும் அவர் பேச்சோடு நின்றுவிடவில்லை. ஊர்தோறும் ஓர் ஆசிரியரை அமர்த்தினார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஆசிரியர் அப்பேராயத்தில் பணிபுரிந்தனர். பகலெல்லாம் உழைத்த மக்களுக்காக இரவுப் பள்ளிகள் நடந்தன. ஆசிரியர் குடும்பத்தோடு சேரியிலேயே குடியிருந்தார். அவர் மனைவியும் பயிற்சி பெற்றவராயிருப்பது விரும்பப்பட்டது. பெரும்பாலும் அவ்வாசிரியரே அச்சேரியில் பிறந்து எழுத்தறிந்த முதல் தலைமுறையினர். நம் சங்கம் முதற்கண் தொடங்கியதும் மாலை வகுப்பே என்பதை நினைந்து இவ்விடத்தில் சற்று நின்று செல்கிறோம்.

திருவிருந்துக்கும் பள்ளிக்கும் இருந்த தொடர்பும் அறியத்தக்கது. நாள்தோறும் காலை மாலை ஜெபங்களைக் கிராம ஆசிரியர் நடத்தலாம். திருவிருந்தையோ குருப்பட்டம் பெற்றவர் மட்டுமே நடத்தவியலும். வெள்ளைக் குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து போனால், சேரி மக்கள் ஆண்டுக்கு ஒருமுறையே அவ்விருந்தைக் காண்பர். ஆகவே மாலர் மாதிகர் பிள்ளைகளே குருமாராக வேண்டும்; அதற்கு அவர்கள் கற்கவேண்டும். தோர்ணக்கல்லில் இறையியல் பள்ளி எழுந்தது இவ்வாறே. நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியக் குருமாரை உடையதாயிற்று அப்பேராயம். ஊருக்குள் செருப்பணிந்து செல்லவியலாத குடியில் பிறந்தவர் வெண்ணங்கி அணிந்து கிண்ணத்தை ஏந்தி நின்றார்.

இப்போது அந்த இடர்ப்பாட்டுக்கு வருவோம். தோர்ணக்கல் சபைகளில் மாலரே பெரும்பான்மையினர். மாதிகரை அவர்கள் தமக்குக் கீழானவராகக் கருதினர். அவர்தம் கையால் நீர் பருகார், அவர்தம் கிணற்றை அணுகார், பெண் கொடுக்கார். மாலர் சேர்ந்த சபையில் மாதிகர் சேரத் தயங்கினர். மாதிகர் வந்தால் மாலர் முகம் சுளித்தனர். ஊரார் நமக்குச் செய்த அதே தீங்கை நாம் நமக்குள் செய்துகொண்டோம் என்பதை மறைத்துப் பயனில்லை. நம் வட்டாரத்து ஆதிதிராவிடர் வீட்டுத் திருமணப் பந்தியில் அருந்ததியர் எங்கே அமர்த்தப்பட்டனர் என்று மூத்தோரைக் கேட்டால் விடை கிடைக்கும்.

இவ்விடத்தில் அசரியா வளைந்து கொடுக்கவில்லை. எண்ணிக்கை குறைந்தாலும் தனித்தனி கிண்ணம் என்னும் பேச்சுக்கு இடமில்லை என்பது அவர் நிலை. பகைத்தோர் ஒப்புரவாகுமுன் திருவிருந்தை அணுகலாகாது என்னும் பழைய விதி, மாலருக்கும் மாதிகருக்கும் இடையே எழுந்த பூசல்களில் குருமாரின் கையில் வலுவான கருவியாய் இருந்தது. அறுவடை விழாக்களில் இரு சாராரும் நெல்லும் கோழியும் காய்கறியும் கொணர்ந்து ஒரே பீடத்தின் முன் குவித்தனர். தருபவன் இரவலன் ஆகான் என்பது அசரியாவின் எண்ணம். ஈகையைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. இம்மக்களின் வாழ்வில் உண்டான மாற்றத்தைக் கண்டு, 1920களின் பிற்பகுதி முதல் உயர்குலத்தாரும் சிலவிடங்களில் ஞானஸ்நானம் கேட்டு வந்தனர். அவர்களும் அதே கிண்ணத்துக்கே வரவேண்டியிருந்தது.

முழு வெற்றியா என்றால், இல்லை. ஆலயத்தினுள் ஒரே கிண்ணத்தில் பருகியோர் வெளியே வந்ததும் வெவ்வேறு கிணறுகளுக்குச் சென்றனர். இரு சாராருக்கும் இடையே மணவுறவு அரிதாகவே நின்றது. பதவிகளில் திருநெல்வேலித் தமிழர்க்கே சலுகை என்னும் மனக்குறையும் தெலுங்கரிடையே எழுந்தது. ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய பின் நாம் கண்டதும் இதைப் போன்றதே. தொழிற்சாலை உணவுக்கூடத்தில் எல்லாச் சாதியாரும் ஒரே வரிசையில் தட்டேந்தி நின்று, ஒரே குழாயில் நீர் பிடித்து, ஒரே பலகையில் அமர்ந்து உண்கின்றனர். அதே தொழிலாளர் விடுமுறையில் ஊருக்குப் பேருந்தேறினால் தெரு வேறு, பந்தி வேறு, சுடுகாடும் வேறு. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. உணவுக்கூடத்து வரிசைக்குக் காரணம் நேரச் சிக்கனம். சாதியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. திருவிருந்தோ சாதி பொய் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. சொல்லிவிட்ட பிறகு மீறுவோர்க்கு உறுத்தல் இருக்கும். அவ்வுறுத்தலைக் கொண்டு வாதாடவும் முடியும்.

1935 அக்டோபரில் இயோலாவில் டாக்டர் அம்பேத்கர், தாம் இந்துவாகப் பிறந்தாலும் இந்துவாக இறப்பதில்லை என்று அறிவித்தார். எல்லாச் சமயத்தாரும் அவர் பக்கம் திரும்பினர். அசரியாவும் அவரைக் கண்டு உரையாடினார். அப்போது அம்பேத்கர் ஒரு கேள்வி எழுப்பினார் என்று அசரியாவே பின்னர் பிறரிடம் கூறியிருக்கிறார். தாழ்த்தப்பட்ட மக்கள் இன்று இந்தியா முழுவதும் ஒரே இனமாக ஒன்றுபட்டு நிற்கின்றனர். திருச்சபைக்கு வந்தால் அவ்வொற்றுமை நிலைக்குமா, அல்லது ஆங்கிலிகன், மெதடிஸ்டு, பாப்டிஸ்டு என்று சிதறிப்போவோமா என்பதே அக்கேள்வியின் கருத்து. அசரியாவிடம் விடையில்லை. வாழ்நாளில் அவ்வளவு வெட்கமுற்றதில்லை என்று அவர் சொல்லிக்கொண்டார். மாலரையும் மாதிகரையும் ஒரே கிண்ணத்துக்கு அழைத்தவர், ஆங்கிலிகரும் மெதடிஸ்டரும் ஒருவர் மேசையில் ஒருவர் சட்டப்படி பங்குபெற இயலாத திருச்சபையின் பேராயராக இருந்தார் அல்லவா! அம்பேத்கர் சரியான இடத்தில் விரல் வைத்தார்.

காந்தியடிகளோடும் அவர்க்குக் கருத்து வேறுபாடு இருந்தது. தாழ்த்தப்பட்டோர் மதம் மாறுவதைக் காந்தியடிகள் விரும்பவில்லை. தம் வழியைத் தாமே தேரும் உரிமை அம்மக்களுக்கு உண்டென்பதில் அசரியா உறுதியாக நின்றார். ஆயினும் கிறிஸ்தவர்க்குத் தனித் தொகுதி வேண்டா என்று 1932இல் அவர் கூறியதை நம் உறுப்பினருள் பலர் ஏற்கமாட்டார்கள். தனித் தொகுதியை இழந்த வரலாற்றுப் புண் நமக்கு உண்டு.

திருச்சபைகளின் பிளவைக் களையும் முயற்சியை அசரியா அம்பேத்கரின் கேள்விக்கு முன்பே தொடங்கியிருந்தார். 1919 மே மாதம் தரங்கம்பாடியில், அவரும் தென்னிந்திய ஐக்கிய சபையின் சந்தியாகு ஐயரும் முன்னிற்க, பல சபைகளின் குருமார் கூடி, ஒன்றுபட வேண்டும் என்று அறிக்கை விடுத்தனர். இரு கிண்ணங்கள் வழங்கிய அதே ஊரில் இது நிகழ்ந்தது. அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் பேச்சுவார்த்தை நீண்டது. எவருடைய குருப்பட்டம் செல்லும், எவர் கையால் திருவிருந்து பெறலாம் என்பதே வழக்கின் நடுப்பொருள். மேனாட்டில் பிறந்த பிளவுகளைத் தோர்ணக்கல் சேரி மக்கள் ஏன் சுமக்க வேண்டும் என்பது அசரியாவின் இடைவிடாத வாதம்.

இதனிடையே தோர்ணக்கல்லில் ஒரு பேராலயம் மெல்ல எழுந்தது. பணமின்றிப் பலமுறை நின்று, 1939 ஜனவரி 6ஆம் நாள் அர்ப்பணிக்கப்பட்டது. அதன் குவிமாடங்கள் மசூதியை நினைவூட்டும். தூண்கள் தென்னாட்டுக் கோயில் மண்டபத்தை நினைவூட்டும். கோயிலுக்குள்ளே கால் வைக்கவே அனுமதியில்லாதிருந்த மக்கள், கோயில் மண்டபம் போன்ற அவ்விடத்தில் பீடத்தருகே முழந்தாளிட்டனர். கட்டடக் கலையை ஆராய்வோர் மேனாட்டுப் பாணியை விட்டு இந்தியப் பாணியை மேற்கொண்டதற்காக அதனைப் பாராட்டுகின்றனர். நமக்கு அதன் தூண்களை விட அதன் தரையில் முழந்தாளிட்டவர்களே முக்கியம்.

1945 ஜனவரி முதல் நாள் அசரியா தோர்ணக்கல்லில் காலமானார். சுற்றுப்பயணம் செய்து ஊர் ஊராகச் சபைகளைக் காணும் வழக்கத்தை இறுதிவரை அவர் விடவில்லை. அவர் உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. நாடு விடுதலை பெற்று நாற்பத்து மூன்று நாள்கள் கழித்து, 1947 செப்டம்பர் 27ஆம் நாள், சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிகர், மெதடிஸ்டர், ஐக்கிய சபையார் மூவரும் அன்று ஒரே மேசையில் திருவிருந்து கொண்டனர். தோர்ணக்கல் பேராயமும் அதில் இணைந்தது.

ஆனால் அப்பேராயத்தைச் சேர்ந்த நந்தியால் பகுதி ஆங்கிலிகர், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள், அன்று இணையவில்லை. தம் பழைய திருச்சபையிலேயே நின்று, 1975இல்தான் தென்னிந்தியத் திருச்சபைக்குள் வந்தனர். 1950இல் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதிச் சலுகைகளை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. சீக்கியர்க்கு 1956இலும் பௌத்தர்க்கு 1990இலும் அவ்வாணை திருத்தப்பட்டது, கிறிஸ்தவர்க்குத் திருத்தப்படவில்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். மாலர் மாதிகர் வழக்கும் வேறு வடிவில் தொடர்ந்தது: இடஒதுக்கீட்டில் உள்பிரிவு வேண்டுமென்று மாதிகர் 1994 முதல் ஆந்திரத்தில் போராடினர், தமிழ்நாட்டில் அருந்ததியர்க்கு 2009இல் உள் ஒதுக்கீடு கிடைத்தது, மாநிலங்கள் அவ்வாறு பிரித்து வழங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. இதைப் பற்றி நம் சங்கத்துக்குள்ளேயே இரு கருத்துகள் உள்ளன. இரு கருத்தினரும் மாதக் கூட்டத்துக்கு வருகின்றனர். கூட்டம் முடிந்தபின் ஒரே பாத்திரத்துத் தேநீரைப் பருகிவிட்டே கலைகின்றனர்.